பீனோ, எபியொன், பெபோக: ஒரே வினைச்சொல்தானா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலேயே வாசிக்க ஆசைப்பட்டுத் தானாகப் படித்துவரும் ஒருவர் கேட்கிறார்: "'பீனோ' என்றால் 'குடிக்கிறேன்' என்று மனப்பாடம் செய்தேன். அகராதியைத் திறந்தால் அதன் கீழே பீயொமய், எபியொன், பெபோக, எபொதேன் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வடிவங்கள் வரிசையாக இருக்கின்றன. இவை எல்லாம் ஒரே சொல்லா? தண்ணீர் குடிப்பதற்கும் மது குடிப்பதற்கும் இதே சொல்தானா?"

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது வடிவத்தைப் பற்றியது. அதற்குள் இன்னொரு கவலையும் ஒளிந்திருக்கிறது: இதில் ஏதாவது ஒழுங்கு உண்டா, இல்லை எல்லாவற்றையும் நெட்டுருப் போட்டே தீர வேண்டுமா என்பது. இரண்டாவது பொருளைப் பற்றியது. இறையியல் மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். என் பயிற்சி பெரும்பாலும் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்திலும், இலியத், ஒதிசி காவியங்களைப் பாடிய பழைய கவிஞர் ஹோமரிலும்தான். ஒப்பியல் மொழியியல் என் சொந்தத் துறை அல்ல. அந்தப் பக்கம் போகும்போது, அத்துறையினர் பொதுவாக ஒப்புக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிரேக்கச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். பீனோவின் வடிவங்களில் ப, த, க எங்கே வந்தாலும் அழுத்தி வாசியுங்கள்; நாம் வழக்கமாகச் செய்வதுபோல் சொல்லின் நடுவில் மெலிக்க வேண்டாம். இப்படித் தமிழில் எழுதுவதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. கிரேக்கத்துக்கு எ, ஏ தனித்தனி எழுத்து. ஒ, ஓ தனித்தனி எழுத்து. நமக்கும் அப்படியே. ஆங்கில எழுத்தில் கிரேக்கம் படிக்கிறவர்களுக்கு இரண்டு ஒகரமும் ஒன்றுபோலத் தெரியும். அவர்களுக்குத் தலைமேல் கோடு போட்டுக் காட்ட வேண்டும். நமக்குக் கண்ணாலேயே தெரியும். உங்கள் முதல் கேள்விக்கான விடையே அந்தக் குறில் நெடிலில்தான் இருக்கிறது.

ஆம், எல்லாம் ஒரே சொல்தான். இதில் ஐயமே இல்லை. அதன் வேர் மூன்று உருவங்களில் வருகிறது: போ, பொ, பி. பி சில இடங்களில் பீ ஆக நீளும். 'பெபோக' (குடித்திருக்கிறேன்) என்பதன் முன்னால் இருக்கும் 'பெ', முடிந்த நிலையைக் காட்டுவதற்காக முதலெழுத்தை இரட்டித்தது. கடைசி 'க' விகுதி. இரண்டையும் கழற்றினால் கிடைப்பது 'போ'. 'எபொதேன்' (நான் குடிக்கப்பட்டேன்) என்பதில் முன்னால் உள்ள 'எ' இறந்தகாலக் குறி, பின்னால் 'தேன்' செயப்பாட்டு விகுதி. மிஞ்சுவது 'பொ'. 'எபியொன்' (குடித்தேன்) என்பதில் அதே 'எ', பின்னால் 'ஒன்' விகுதி, நடுவில் 'பி'. கடைசியாக 'பீனோ'வில் 'பீ'யோடு ஒரு 'ன்' சேர்ந்திருக்கிறது. அந்த னகரம் நிகழ்காலத் தண்டுக்கு (விகுதி வந்து ஒட்டும் அடிப்பகுதிக்கு) மட்டும் ஒட்டுவது. எபியொன் போன்ற இறந்தகாலத்துக்குப் போனதும் உதிர்ந்துவிடும்; நிகழ்காலத் தண்டிலிருந்தே பிறக்கும் தொடர் இறந்தகாலத்தில் மட்டும் நிற்கும்.

தமிழ் பேசுகிறவருக்கு இது அந்நியமாகத் தோன்ற வேண்டியதே இல்லை. 'வா' என்று கூப்பிடுகிறோம், 'வருகிறேன்' என்கிறோம், 'வந்தேன்' என்கிறோம். வா, வரு, வந் என்று மூன்று உருவம். தமிழ் கற்க வரும் வெளிநாட்டவர் அகராதியில் 'வந்தேன்' என்று தேடிக் கிடைக்காமல் திண்டாடுவார். நாம் அதை ஒரு சிக்கலாகக்கூட உணர்ந்ததில்லை. பீனோவும் அந்த ரகம்தான். இதை வேறொரு ரகத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கிரேக்கத்தில் 'சாப்பிடுகிறேன்' என்பது எஸ்தியோ. 'சாப்பிட்டேன்' என்பது எபகொன். இவை உண்மையிலேயே வெவ்வேறு வேர்கள்; ஒன்றின் காலியிடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. அங்கே நெட்டுருப் போடுவதைத் தவிர வழியில்லை. குடிப்பதில் அந்தச் சிரமம் கிடையாது.

எதிர்காலமான பீயொமய் மட்டும் விளக்கம் கேட்கிறது. கிரேக்க எதிர்காலத்துக்கு வழக்கமாக ஒரு சகரம் வேண்டும். இங்கே அது இல்லை. இது முதலில் எதிர்காலமே அல்ல, 'குடிப்பேனாக' என்பதுபோன்ற ஒரு விருப்ப வடிவம், பிறகு எதிர்காலத்தின் வேலையை ஏற்றுக்கொண்டது என்பது இலக்கணிகள் பொதுவாக ஏற்கும் விளக்கம். 'சாப்பிடுவேன்' என்பதற்கான எதொமய் என்ற பழைய சொல்லும் இதே கதைதான். விகுதி 'மய்' என்று முடிவதைப் பார்த்து, 'எனக்காகக் குடிப்பேன்' என்று தனி அர்த்தம் தேடாதீர்கள். உடம்போடு ஒட்டிய செயல்களைக் குறிக்கும் பல கிரேக்க வினைகள் எதிர்காலத்தில் மட்டும் இந்த விகுதியை எடுக்கும். பழக்கம், அவ்வளவுதான். லூக்கா 17:8-இல் 'நீ சாப்பிடுவாய், குடிப்பாய்' என்பதற்கு பகெசய், பியெசய் என்று இருக்கிறது. பள்ளி இலக்கணம் சொல்லித்தரும் முன்னிலை விகுதியிலிருந்து இது கொஞ்சம் மாறுபட்டது, அக்காலப் பேச்சு வழக்கோடு ஒட்டியது. உங்கள் பாடப்புத்தகத்தில் இல்லையென்றால் பயப்பட வேண்டாம்.

சரி, ஏன் ஒரே வேர் போ, பொ, பி என்று மாறுகிறது? கிரேக்கமும் சமஸ்கிருதமும் லத்தீனும் பிறந்த மூலமொழியில் வேரின் உயிரெழுத்து ஓரிடத்தில் முழுதாக நிற்கும், இன்னோரிடத்தில் தேய்ந்துபோகும். முழுதாக நின்றது போ, தேய்ந்தது பொ. இந்த அளவுக்கு உறுதியாகச் சொல்லலாம். 'பி' வந்த விதத்தில் கருத்து வேறுபாடு உண்டு. வேரோடு ஒரு இகரம் ஒட்டி வளர்ந்தது என்பது பெரும்பாலோர் கருத்து. ஏன் ஒட்டியது என்பதற்கு எல்லாரும் ஏற்ற விடை கிடையாது. ஆனால் ஒரு அருமையான சாட்சி இருக்கிறது. லெஸ்பொஸ் தீவின் கிளைமொழியில் நிகழ்காலமே 'போனோ' என்றுதான் வரும். அந்தத் தீவின் கவிஞர் அல்கையொஸ், 'போனோமென்' என்று ஒரு பாட்டைத் தொடங்குகிறார்: குடிப்போம், விளக்கேற்றும் நேரத்துக்கு ஏன் காத்திருக்க வேண்டும், பகல் ஒரு விரல் அளவுதான் மிச்சம் என்கிறார். ஏதென்ஸ்காரர் பீ என்றதை அவர் போ என்கிறார். இரண்டும் ஒரே வேர் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி தேடத் தேவையில்லை.

இங்கே தமிழ் வாசகருக்கு நான் எப்போதும் ஆசையோடு சொல்லும் ஒன்று. இதே வேர் சமஸ்கிருதத்தில் 'பா' என்று வரும். அதிலிருந்து வந்ததுதான் 'பானம்'. 'பாத்திரம்' என்பதும் அதே வேரிலிருந்து வந்தது, முதலில் குடிக்கும் கலத்தைக் குறித்தது என்பதே மொழிநூலார் ஏற்கும் விளக்கம். ('காப்பது' என்ற பொருளுள்ள இன்னொரு 'பா'விலிருந்து அதை வருவிக்கும் பழைய உரைகளும் உண்டு.) இப்போது மத்தேயு 26:27-ஐத் தமிழில் பாருங்கள்: "பாத்திரத்தையும் எடுத்து... நீங்கள் எல்லாரும் இதிலே பானம்பண்ணுங்கள்." கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பவை பொதேரியொன் என்ற பெயரும் பியெதெ என்ற ஏவலும். பாத்திரம், பானம், பொதேரியொன், பியெதெ நான்கும் ஒரே வேரின் பிள்ளைகள். மொழிபெயர்த்தவர்கள் இதைத் திட்டமிட்டுச் செய்திருக்க மாட்டார்கள். இருந்தாலும், இந்த வசனத்தைத் தமிழில் கேட்டு வளர்ந்தவருக்குக் கிரேக்கத்தின் வேர் காதில் ஏற்கெனவே விழுந்திருக்கிறது. குடி, பருகு, அருந்து ஆகியவை திராவிடச் சொற்கள். அவற்றுக்கும் பீனோவுக்கும் உறவில்லை. ஒலியைப் பார்த்து உறவு கட்டினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கிரேக்கத்திலேயே ஒரு எடுத்துக்காட்டு உண்டு. 'பொசிஸ்' என்றால் பானம். ஹோமரில் 'பொசிஸ்' என்றால் கணவன் என்றும் வரும். முதலாவது பானத்தின் உறவு. இரண்டாவது 'பதி'யின் உறவு. எழுத்து ஒன்று, வேர் இரண்டு.

இனிப் பொருளுக்கு வருவோம். பீனோ என்பது வெறும் குடித்தல்தான். என்ன குடிக்கிறார்கள் என்று அது சொல்வதில்லை. இலியத்தில் சில வீரர்களை 'ஐசேபொஸ் ஆற்றின் கருநீரைக் குடிப்பவர்கள்' என்று அறிமுகப்படுத்துகிறார் ஹோமர். அந்த ஆற்றங்கரையில் வாழ்கிறவர்கள் என்று அர்த்தம். ஒதிசியின் 11-ஆம் பாகத்தில் இறந்தவரின் ஆவி இரத்தத்தைக் குடித்த பிறகே உண்மை பேசுகிறது; அங்கேயும் இதே வினை. எபிரெயர் 6:7-இல் நிலம் மழையைக் குடிக்கிறது. அதே சமயம், தமிழில் 'அவர் குடிப்பார்' என்று நிறுத்திவிட்டால் மோரையா நினைக்கிறோம்? செயப்படுபொருள் இல்லாமல் வந்தால் கிரேக்கத்திலும் அப்படித்தான், இடத்தைப் பொறுத்து மது என்று கொள்ள வேண்டிவரும். லூக்கா 7:33-34 நல்ல எடுத்துக்காட்டு. யோவான் ஸ்நானன் 'மது குடியாமல்' வந்தார் என்று மதுவைச் சொல்லிவிட்டு, அடுத்த வசனத்தில் மனுஷகுமாரன் 'சாப்பிட்டும் குடித்தும்' வந்தார் என்று, எதைக் குடித்தார் எனச் சொல்லாமல் விடுகிறது. உடனே ஜனங்கள் அவரை ஒய்னொபொதேஸ், அதாவது மதுப்பிரியன், என்கிறார்கள். சொல்லாமல் விட்ட பொருள் எதுவென்று அவர்கள் சந்தேகப்படவே இல்லை.

வெறிகொள்வது வேறு சொல். அதற்கு மெதுஸ்கொமய் என்ற வினை இருக்கிறது. அதன் அடியில் இருக்கும் 'மெது', நம் நாவில் புழங்கும் 'மது'வின் உடன்பிறப்பு. லூக்கா 12:45-இல் ஒரு கெட்ட வேலைக்காரன் சாப்பிட்டு, குடித்து, வெறித்துக் கிடக்கிறான் என்று மூன்று வினைகள் அடுத்தடுத்து வருகின்றன. குடிப்பதும் வெறிப்பதும் ஒன்றாக இருந்திருந்தால் இரண்டு வினைக்கு வேலை இல்லை. ஆகவே பீனோ வரும் இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, 'குடிவெறி கண்டிக்கப்படுகிறது' என்றோ 'மது அனுமதிக்கப்படுகிறது' என்றோ பிரசங்கம் செய்வது அந்தச் சொல்லின்மேல் அது தாங்காத பாரத்தை ஏற்றுவதாகும்.

முன்னொட்டு சேர்ந்தால் பொருள் நன்றாகவே மாறும். 'கத' என்றால் கீழே. கதபீனோ என்றால் விழுங்குவது, அது திடப்பொருளானாலும் சரி. பழைய கவிஞர் ஹெசியொதில் குரொனொஸ் என்ற தெய்வம் தன் பிள்ளைகளை ஒவ்வொருவராக விழுங்கினான் என்பதற்கு 'கதெபீனெ'. கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் யோனாவைப் பெரிய மீன் விழுங்குவதும் இதே வினைதான். 'கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்குகிறவர்கள்' என்று மத்தேயு 23:24-இல் வருவதும் இதுதான். 1 கொரிந்தியர் 15:54-இல் 'மரணம் ஜெயமாக விழுங்கப்பட்டது' என்ற வாக்கியத்தின் கிரேக்க வினை கதெபொதே. என் மாணவர்கள் ஆண்டுதோறும் தடுக்கி விழுந்த இடம் இது. 'பீ'யைத் தேடுவார்கள், இருப்பது 'பொ'. செயப்பாட்டு இறந்தகாலத்தில் குறில் ஒகரம் வரும் என்று நினைவில் வைத்தவர் தப்பித்துவிடுவார். அவருக்கும் ஒரு எச்சரிக்கை: எபொதேச என்று ஒன்று உண்டு. அது 'ஏங்கினேன்', பொதெஓ என்ற முற்றிலும் வேறான வினையிலிருந்து வந்தது.

'ப்ரொ' சேர்ந்த ப்ரொபீனோ எனக்கு மிகவும் பிடித்தது. விருந்தில் தான் முதலில் ஒரு வாய் குடித்துவிட்டு நண்பரிடம் கிண்ணத்தை நீட்டுவது. சில சமயம் கிண்ணத்தையே பரிசாகக் கொடுத்துவிடுவார்கள். அதனால் அந்த வினைக்குக் 'கண்மூடித்தனமாகத் தாரைவார்ப்பது' என்ற பொருளும் வந்தது. கி.மு. 330-இல் ஏதென்ஸின் பேச்சாளர் தெமொஸ்தெனேஸ் தம் புகழ்பெற்ற நீதிமன்ற உரையில், தங்கள் நாட்டின் சுதந்திரத்தை முதலில் மக்கெதோனிய அரசர் பிலிப்புக்கும் பிறகு அலெக்சாந்தருக்கும் 'குடித்துக் கொடுத்துவிட்டவர்கள்' என்று துரோகிகளைச் சாடுகிறார். அவர் வாயில் வரும் வடிவத்தில் 'பெபோ' இருப்பதைக் கவனியுங்கள், பெபோகவின் அதே தண்டு. 'சும்' என்றால் கூட; கூடிக் குடிப்பது சும்பொசியொன். இன்று கருத்தரங்குக்குச் சிம்போசியம் என்கிறோமே, அது. கடல் நீர் வற்றி உள்வாங்குவதற்குக் கிரேக்கர் வைத்த பெயர் அம்போதிஸ், கடல் தன் நீரைத் திரும்பக் குடித்துக்கொள்வது.

வேற்றுமை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இது தெரியாமல் வாசித்தால் நயம் போய்விடும். 'மதுவைக் குடித்தான்' என்று இரண்டாம் வேற்றுமையிலும் வரும். 'மதுவில் கொஞ்சம் குடித்தான்' என்ற பொருளில் ஆறாம் வேற்றுமையிலும் வரும். ஒதிசியின் 22-ஆம் பாகத்தில், ஒதிசியூசின் மனைவியை மணக்க வந்து அவன் வீட்டில் தங்கியவர்களில் ஒருவனான அந்தினொஓஸ் தங்கக் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்குகிறான். 'மதுவில் குடிக்க' என்று ஆறாம் வேற்றுமையில் சொல்கிறார் ஹோமர். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை, ஒதிசியூசின் அம்பு தொண்டையில் பாய்கிறது. கிண்ணத்தையும் இப்படி ஆறாம் வேற்றுமையில் வைக்கலாம். நேப்பிள்ஸ் பக்கத்தில் இஸ்கியா தீவில் 1954-இல் தோண்டியெடுத்த களிமண் கிண்ணத்தில் மூன்று வரி கீறப்பட்டிருக்கிறது. கி.மு. 8-ஆம் நூற்றாண்டு, நமக்குக் கிடைத்த மிகப் பழைய கிரேக்க எழுத்துகளில் ஒன்று. 'நெஸ்தோரின் கிண்ணம், குடிக்க இதமானது. இந்தக் கிண்ணத்தில் யார் குடித்தாலும் அவரை உடனே அழகிய முடிசூடிய அப்ரொதீதேயின் ஆசை பற்றிக்கொள்ளும்' என்பது கருத்து (நெஸ்தோர் ஹோமரில் வரும் முதிய அரசன், அப்ரொதீதே காதல் தெய்வம்). அந்த மூன்று வரிக்குள் நம் வேர் நான்கு முறை வருகிறது: எவ்பொதொன், பொதேரியொன் (இரண்டு முறை), பியேசி. முதல் வரியில் சில எழுத்துகள் உடைந்துபோய்விட்டதால், 'நான் நெஸ்தோரின் கிண்ணம்' என்று கிண்ணமே பேசுகிறதா, 'நெஸ்தோருக்கு ஒரு கிண்ணம் இருந்தது' என்று கதை சொல்கிறதா என்ற வாதம் தீரவில்லை. வினைச்சொல்லில் மட்டும் எந்த ஐயமும் இல்லை.

மத்தேயு 26:27-க்கு ஒரு நிமிடம் திரும்புவோம். பழைய ஆங்கில மொழிபெயர்ப்பை வாசிக்கிறவர்களுக்கு, 'எல்லாரும் குடியுங்கள்' என்பதா, 'எல்லாவற்றையும் குடித்துத் தீருங்கள்' என்பதா என்று குழப்பம் வரும். கிரேக்கத்தில் 'எல்லாரும்' என்பது எழுவாய் வேற்றுமையில், ஆண்பால் பன்மையில் இருக்கிறது. குடிக்கிறவர்களைத்தான் குறிக்க முடியும். 'இதிலிருந்து' என்பது தனியாக நிற்கிறது. 'நீங்கள் எல்லாரும் இதிலே' என்ற தமிழ் இரண்டையும் சரியாகப் பிடித்திருக்கிறது.

ஒரே ஒரு எழுத்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வெளிப்படுத்தல் 18:3-ஐப் பாருங்கள். பாபிலோனின் மதுவைச் சகல ஜாதிகளும் 'குடித்தார்கள்', பெபோகன். ஆனால் சினாய்ப் படி, அலெக்சாந்திரியப் படி போன்ற மிகப் பழைய கைப்பிரதிகளில் ஒரு 'த்' கூடுதலாக நுழைந்து, 'பெப்தோகன்' என்ற மாதிரி, 'விழுந்தார்கள்' என்று இருக்கிறது. பழமையை மட்டும் பார்த்தால் 'விழுந்தார்கள்' வெல்ல வேண்டும். மதுவிலிருந்து 'விழுந்தார்கள்' என்பது வாக்கியத்தில் சரியாக உட்காரவில்லை. முந்தைய வசனத்திலேயே 'விழுந்தது, விழுந்தது பாபிலோன்' என்று வந்திருப்பதால், எழுதியவர் கை அந்தச் சொல்லை நோக்கி வழுக்கியிருக்கலாம். இன்றைய பதிப்புகள் பல 'குடித்தார்கள்' என்றே அச்சிடுகின்றன. நானும் அந்தப் பக்கம்தான். முடிந்த முடிவு என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

காலம் பற்றி ஒரு எச்சரிக்கை. பீன் என்ற தண்டு செயல் நடந்துகொண்டிருப்பதைக் காட்டும், பி என்ற தண்டு செயலை ஒரு முழுமையாகக் காட்டும். இது உறுதி. இதை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதில்தான் தகராறு. மத்தேயு 20:22-இல் 'நான் குடிக்கும் பாத்திரத்தில் உங்களால் குடிக்கக் கூடுமா' என்ற ஒரே கேள்வியில் இரண்டு தண்டும் வருகின்றன. சீஷர்கள் குடிப்பதற்கு பியெய்ன், இயேசு குடிக்கப்போவதற்கு பீனெய்ன். இதை வைத்து 'அவர் தொடர்ந்து பாடுபட்டார், இவர்கள் ஒருமுறை' என்று விளக்கக் கேட்டிருக்கிறேன். அது தேறாது. அங்கே உள்ள 'மெல்லோ' (போகிறேன்) என்ற துணைச்சொல் புதிய ஏற்பாட்டில் பெரும்பாலும் நிகழ்காலத் தண்டையே எடுக்கும், அதனால் வந்தது அது.

யோவான் 4 வேறு விதம். தமிழில் 13, 14 இரண்டு வசனத்திலும் 'குடிக்கிறவனுக்கு' என்றே இருக்கும். கிரேக்கத்தில் கிணற்றுத் தண்ணீருக்கு ஹொ பீனோன், அதாவது குடித்துக்கொண்டே இருக்கிறவன். அவர் கொடுக்கும் தண்ணீருக்கு ஹொஸ் அன் பியே, யார் குடித்தாலும். இங்கே வேறுபாட்டை இலக்கணம் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டு இடத்திலும் ஒரே வடிவத்தை எழுதியிருக்கலாம். தினமும் குடம் தூக்கி வருகிற பெண்ணிடம் பேசும்போது அந்த நிகழ்கால வடிவம் சும்மா வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இது என் வாசிப்பு. இதை மறுக்கும் நல்ல இலக்கணிகள் இருக்கிறார்கள்.

அதனால் அகராதி வரிசையை மூடிவைத்துவிட்டு யோவான் 4:7 முதல் 14 வரை பென்சிலோடு உட்காருங்கள். நம் வினை அங்கே ஆறு முறை வருகிறது. 7, 9, 10 ஆகிய மூன்று வசனங்களிலும் 'பெய்ன்' என்று இருக்கும். அது பியெய்ன் என்பதன் சுருக்கம், அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். 12-இல் யாக்கோபு குடித்த எபியென். பிறகு நாம் பார்த்த இரண்டும். ஏழாம் வசனத்தின் 'தொஸ் மொய் பெய்ன்' சொல்லுக்குச் சொல் 'எனக்குக் குடிக்கக் கொடு'. நம் தமிழ் வேதாகமம் அதை 'தாகத்துக்குத் தா' என்று வைத்திருக்கிறது. குடிக்கிற வினையே அதில் இல்லை, ஆனாலும் கிணற்றடியில் ஒரு தமிழர் வாயில் வருகிற வார்த்தை அதுதான். ஆறையும் அடையாளம் கண்டு, ஒவ்வொன்றிலும் பீயா பியா என்று குறித்துப் பாருங்கள். பெய்னில் பகரம் மட்டும் மிஞ்சி, அதன் இகரம் பக்கத்து எழுத்தோடு கரைந்துவிட்டிருக்கும். அது எங்கே கரைந்தது என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டால், உங்கள் முதல் கேள்வியை இனி யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.